எஸ்எஸ்88

கல்லூரி நாளிலிருந்து என் யூசர்நேம் அதுதான். அப்பா பெயருக்கு ஓர் எஸ், என் பெயருக்கு ஓர் எஸ், பிறந்த வருஷம் 88. சென்னையில் வேலை பார்த்தவரை ஒருவரும் அதைக் கண்டுகொண்டதில்லை. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் புது புராஜெக்டில் சேர்ந்த முதல் வாரம், டெஸ்ட் சர்வரிலும் அதையே தட்டினேன்.

காபியோடு பின்னால் வந்து நின்ற பக்கத்து மேஜைக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை நீங்களா போட்டீர்கள்?" குரலில் கோபமே இல்லை. அதனால்தான் வயிற்றைக் கலக்கியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். எஸ்எஸ், வதை முகாம்களை நடத்திய நாஜிப் படை. எழுத்து வரிசையில் எச் எட்டாவது; 88 என்றால் எச்எச், அதாவது 'ஹைல் ஹிட்லர்'. நவநாஜிகள் தங்களுக்குள் காட்டிக்கொள்ளும் குறி. இந்த ஊரில் கார் நம்பரே எஸ் என்றுதான் தொடங்கும். அதை அடுத்து இன்னொரு எஸ் மட்டும் வரவிட மாட்டார்களாம். கொலோனில் கே-க்குப் பக்கத்தில் இசட் வராது. கேஇசட் என்றால் வதை முகாம். (ஹாம்பர்க் வண்டிகளில் மட்டும் எச்எச் ஜோராக ஓடுகிறது. 'ஹான்சஷ்டாட் ஹாம்பர்க்' என்ற ஊர்ப் பெயராயிற்றே!)

தலையாட்டினேனே தவிர உள்ளுக்குள் எரிச்சல்தான். என் அப்பா பெயருக்கும் ஹிட்லருக்கும் என்ன சம்பந்தம்?

மத்தியானம் சாப்பிடப் போகும் வழியில் அவர் நடைபாதையில் நின்று, ஷூ நுனியால் காட்டினார். உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடு, கல்லோடு கல்லாகப் பதித்தது. 'இங்கே வாழ்ந்தார்', ஒரு பெண் பெயர், பிறந்த வருஷம், கொண்டுபோன வருஷம், கொன்ற இடம். நாஜிகளுக்குப் பலியானவர்கள் நினைவாக இப்படிப் பதிப்பது, குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது. 2023-இல் தகடுகள் ஒரு லட்சத்தைத் தொட்டனவாம். ஒரு வாரமாக அதை மிதித்துத்தான் போய்வந்திருக்கிறேன். அன்று சாயங்காலமே யூசர்நேமை மாற்றிவிட்டேன்.

போன மாதம் அம்மா அனுப்பிய பார்சலில் மஞ்சள்தூள், வடகத்தோடு நிலைக்கதவுக்கு ஒரு ஸ்வஸ்திக் ஸ்டிக்கர். கீழ்வீட்டில் தொண்ணூறைத் தொடும் பாட்டி இருக்கிறார். மாடியில் துணி காயப்போட எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஏறுவார்.

"வாசல்ல ஒட்டிட்டியாப்பா?" என்றார் அம்மா வீடியோ காலில்.

"சாமி அலமாரிக்குள்ள ஒட்டியிருக்கேம்மா."

"அதென்ன, ஒளிச்சு வச்ச மாதிரி?"

பாட்டியின் காலடிச் சத்தம் படியில் கேட்டது.