காயிலை அணைத்த பிறகு 40 விநாடி

“காயில ஆஃப் பண்ணின பெறவும் போவுதே சார்” என்று அந்த மாணவி சொன்னபோது மாலை ஆறு மணி. மணவாளக்குறிச்சி வழியாகப் போகும் கல்லூரிப் பேருந்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அவளுடைய ஆய்வுக்கு வைவா, வாய்மொழித் தேர்வு.

திரையில் அந்தக் கறுப்புத் திட்டு இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் 2.8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள காந்த மணிகள், தண்ணீரில் ஆயிரக்கணக்கில் சேர்ந்த கூட்டம். காயில் என்கிற கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டு, அதன் காந்தப்புலத்தால் இந்தக் கூட்டத்தை ஓட்டுவதுதான் அவள் ஆய்வு. இப்போது காயிலில் மின்சாரம் இல்லை. மணிகள் கோத்துக்கொண்ட சங்கிலிகள் சுழலவில்லை, அவிழவே தொடங்கியிருந்தன. ஆனாலும் திட்டு போய்க்கொண்டிருந்தது. 40 விநாடி பதிவு செய்து வைத்திருந்தாள்.

நான் முதலில் சொன்ன பதில்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. “பூமியோட காந்தப்புலமா இருக்கும்” என்றேன்.

அவள் சட்டென்று, ஆனால் மரியாதையாகத்தான் சொன்னாள். “அது 0.04 மில்லி டெஸ்லாதானே சார்? நம்ம காயில் 8. அதும்போக, ஒரே சீரான புலம் திருப்பத்தான் செய்யும், இழுக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஆமாம், நான்தான் சொன்னேன். கன்னியாகுமரி காந்த நடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, இங்கே பூமியின் புலம் ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது, 1963இல் முதல் ராக்கெட் ஏவிய, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்த அருகாமைதான் காரணம் என்றெல்லாம் வகுப்பில் ஆசையாகச் சொல்வேன். அந்த ஆசையையே அன்று ஒரு ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தினேன். அவள் அடைக்க விடவில்லை.

அப்புறம் சொன்னேன்: “இப்ப அத எழுதாண்டாம் மக்களே. நாளைக்கு முடியட்டும், பெறவு பாப்போம்.”

அவள் மடிக்கணினியை மூடினாள். பேருந்துக்கு ஓடினாள். அவ்வளவுதான் நடந்தது.

அவள் கேட்டது சின்ன விஷயம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். இந்த அளவில் தண்ணீர் தேனைவிடக் கெட்டியாக நடந்துகொள்ளும். 1977இல் பர்செல் என்ற இயற்பியலாளர் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு: நீந்தும் பாக்டீரியாவின் விசையை நிறுத்தினால், ஓர் அணுவின் விட்டத்தைக்கூடத் தாண்டாமல் அது நின்றுவிடும். சைக்கிள் மிதிப்பதை விட்ட பிறகும் உருண்டு போவதுபோல இங்கே எதுவும் போகாது. எங்கள் மணிகள் பாக்டீரியாவைவிடக் கொஞ்சம் பெரியவை, கூட்டம் இன்னும் பெரியது, ஆனாலும் முடிவு மாறாது. ஆகவே காயில் அணைந்த பிறகு கூட்டம் போகிறது என்றால் வேறு ஏதோ அதைக் கொண்டுபோகிறது. காயிலின் சூட்டில் தண்ணீரே மெல்ல ஓடியிருக்கலாம். மேசை சாய்ந்திருந்து, அடியில் படிந்த மணிகள் சரிவில் இறங்கியிருக்கலாம். இரண்டும் அன்றே எனக்குத் தோன்றின. தோன்றியும் பூமியைச் சொன்னேன்.

என் பக்கமும் நியாயம் இருந்தது. வெளித் தேர்வாளர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. ஒரு குறையை நாமே எடுத்து நீட்டினால் மீதி எல்லாவற்றையும் சந்தேகிக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் போனால் அவளுக்குத்தான் போகும், எனக்கில்லை. அதோடு கூட்டம் உண்மையிலேயே சொன்னபடி கேட்டது. கிடைமட்டக் காயில், செங்குத்துக் காயில் இரண்டுக்கும் கால் சுற்று இடைவெளி விட்டு மின்சாரம் கொடுத்தால் புலம் சக்கரம்போலச் சுழலும், சங்கிலிகளும் கூடவே சுழன்று தரையில் உரசி உருளும். அச்சைத் திருப்பினால் கூட்டம் திரும்பும். மூலைகூடத் திரும்பிக் காட்டினாள். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் எண்கள் இருக்கின்றனவே. முன்னோக்கி, அதாவது வலப்பக்கமாக, விநாடிக்கு 12 மைக்ரோமீட்டர். பின்னோக்கி ஓட்டியபோது 4. அந்தப் பின்னோக்கிய ஓட்டத்தை ‘காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போர்டு சூடாகிவிட்டது, கெட்ட ரீடிங்’ என்று நான்தான் ஒதுக்கியிருந்தேன். அணைத்த பிறகு, அவள் காட்டிய 40 விநாடியில், அதே வலப்பக்கமாக 4. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடக் கணக்கு: காந்தம் கொண்டுபோனது 8, தண்ணீரோ சரிவோ கொண்டுபோனது 4. கூட்டினால் 12, கழித்தால் 4. கெட்ட ரீடிங் என்று எதுவும் இல்லை. நாங்கள் எழுதியது 12.

மூன்று எண்களையும் எழுதியிருந்தால் வேலை இன்னும் பலமாக நின்றிருக்கும். இதை நான் கண்டுகொண்டது மூன்று வாரம் கழித்து, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது. அந்த மாலையில் எனக்கு அது ஓட்டையாக மட்டும்தான் தெரிந்தது. அவளுக்கும் கணக்கு தெரிந்திருக்குமா என்று யோசிக்கிறேன். தெரிந்திருந்தால், நான் எழுதாண்டாம் என்றபோது ஏன் பேசாமல் இருந்தாள்? பேருந்து நின்றதாலா, நான் சார் என்பதாலா?

வைவா நன்றாகவே போனது. அவள் அப்பாவுக்கு மணல் ஆலையில் வேலை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிறு கட்டிக் கடற்கரையில் இழுத்தால் கறுமணல் முள்முள்ளாக ஒட்டிக்கொண்டு வருவதையும், ஆலையில் அந்த மணலில் இருக்கும் இல்மனைட் என்ற தாதுவை சிர்க்கான் என்ற தாதுவிலிருந்து காந்தத்தால் பிரிப்பதையும் சொல்லித்தான் ஆரம்பித்தாள். தேர்வாளர் முகம் மலர்ந்தது. ஒரே புலம் எல்லா மணிக்கும் ஒரே கட்டளையைத்தான் கொடுக்கிறது, தனியாக ஒன்றை மட்டும் கூப்பிட முடியாது, கோயில் மணி அடித்தால் ஊருக்கே கேட்பதுபோல என்றாள். கடைசியில் அவர் கேட்டார், “ரத்தக் குழாய்க்குள்ள விட்டா, கரண்ட் போச்சுன்னா எங்க போகும்?”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு, “ரத்தம் போற பக்கம் போகும் சார்” என்றாள். சரியான பதில். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

அந்த ஒரு நொடியை எத்தனை விதமாகவோ படித்துப் பார்த்துவிட்டேன். அனுமதி கேட்டாளா? குற்றம் சாட்டினாளா? பதில் தெரியாமல் தடுமாறியிருந்தாளோ என்றால், அதுவும் இல்லை. அவளுக்குத்தான் அது நன்றாகத் தெரியுமே.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்த முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். இப்போது வெளியூரில் நல்ல வேலை. ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மேசைய மாத்தியாச்சா சார்?” என்றாள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. அவள் போன பிறகு ரசமட்டத்தை எடுத்துப் புது மேசையில் வைத்தேன், குமிழி நடுவில் நின்றது. பழைய மேசை பெயின்ட் அடித்த சமயத்தில் எங்கேயோ போய்விட்டது.

இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு குழுவிடமும் காயிலை அணைத்துவிட்டு 40 விநாடி பதிவு செய்யச் சொல்கிறேன். ஏன் 40 என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவளுடைய ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது, 12 என்ற எண்ணோடு. அட்டையில் அவள் பெயர் இருக்கிறது, அவளைக் கேட்காமல் அதில் கை வைக்க முடியாது. ஃபோன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.