200 ஜன்னலை யார் சாத்துவது?

அமெரிக்காவின் லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டி நாட்டவே என்று ஒரு மாளிகை. கரும்புத் தோட்ட முதலாளி ஜான் ஹாம்ப்டன் ராண்டால்ஃப் 1859இல் கட்டி முடித்தது. பிற்பாடு பணக்கார விடுதியாகிவிட்டது. கல்யாணம் பண்ண அப்படிக் கூட்டம் வரும். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை ஒரு ராத்திரி அங்கே தங்கக் கூட்டிப்போனேன்.

வம்பு வாசலிலேயே ஆரம்பித்தது. முன்புறம் வளைந்து ஏறும் இரண்டு கல் படிக்கட்டுகள். இடது ஆண்களுக்கு, வலது பெண்களுக்கு. பெண்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கணுக்கால் ஆண்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். சுற்றிக்காட்ட வந்த அம்மணி இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா பெண்கள் படியில் பாதி தூரம் போய்விட்டார். லூசியானாப் புழுக்கத்துக்கு வேட்டிதான் சரி என்று கட்டி வந்தவர், ஏறத் தோதாக அதை மடித்தும் கட்டியிருந்தார். கணுக்கால் என்ன, முழங்காலே தரிசனம். அம்மணி நாகரிகமாக ஆற்றைப் பார்த்தார்.

உள்ளே 64 அறைகள், 53,000 சதுர அடி. நடன மண்டபத்தில் சுவர், தூண், தரை எல்லாமே வெள்ளை. "165 கதவு, 200 ஜன்னல், மொத்தம் 365, நாளுக்கு ஒன்று!" என்றார் அம்மணி. எல்லோரும் ஆஹா என்றார்கள்.

"மழை வந்தா இத்தனையையும் யாரு சாத்துவாங்க, கேளு" என்றார் அம்மா.

கேட்டேன். அடிமைகள்தான் என்றார் அம்மணி. 1860இல் ராண்டால்ஃபிடம் 155 பேர் இருந்திருக்கிறார்கள். அம்மா கரும்பு போட்ட வீட்டில் பிறந்தவர், கணக்கில் இறங்கிவிட்டார். "முக்காவாசிப் பேரு காட்டுலதான் கெடந்திருப்பாங்க. வெட்டுன கரும்பு காத்திருக்குமா? அன்னன்னைக்கே ஆட்டணும். வீட்டுக்கு நாலு பேரு மிஞ்சுனா ஆளுக்குத் தொண்ணூறு சொச்சம். அதுக்குள்ள மழையே விட்ருமே!" அங்கே உறைபனி விழுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும், ஆலை ராப்பகலாக ஓடும் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். "அப்ப நாலு பேருகூட மிஞ்சிருக்க மாட்டாங்க" என்றார்.

உள்நாட்டுப் போர் வந்ததும் ராண்டால்ஃப் அடிமைகளை ஓட்டிக்கொண்டு டெக்சாஸுக்குப் பருத்தி போடப் போய்விட்டார். வீடு இடிபடாமல் இருக்க மனைவி எமிலி சின்னப் பிள்ளைகளோடு இங்கேயே இருந்தார். "வேலையாளக் கூட்டிட்டுப் போயிட்டு, பொண்டாட்டியக் காவலுக்குப் போட்டுட்டாராக்கும்" என்று அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அவசரமாகக் கூரையைப் பார்த்தார். கடைசியில் எமிலிதான் 1889இல் 50,000 டாலருக்கு வீட்டை விற்றுக் கைகழுவினார். கெட்டிக்காரி.

ராத்திரி பிடித்தது மழை. ஏசி அறை, ஜன்னல் எதுவும் திறந்தே இல்லை. அம்மா ஆனாலும் எழுந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "நம்ம பங்கு முடிஞ்சுது" என்று படுத்தார்.

2025 மே 15 அன்று மாளிகை தீப்பிடித்து எரிந்துபோனது. இணையத்தில் பாதிப் பேர் தங்கள் கல்யாண போட்டோவைப் போட்டு அழுதார்கள், பாதிப் பேர் ஒழிந்தது சனியன் என்று கொண்டாடினார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல் கோபம் வரவில்லை. அம்மாவுக்கு போன் போட்டேன்.

"உள்ள ஆளு யாருக்காச்சும்...?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா."

"சரி, அப்ப விடு" என்றவர், எதிர்வீட்டுப் பையனுக்குப் பெண் அமைந்த கதைக்குப் போய்விட்டார்.