தோலாவிராவுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

குஜராத்தின் கட்ச்சில் இருக்கும் தோலாவிரா என்ற சிந்துவெளி நகரத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது, செருப்பில் இன்னும் உப்பு ஒட்டியிருக்கிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதச் சொல்லி அலுவலகத்தில் மூன்று பேர் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் முதலில் அந்தக் கார்க்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோபம் ஆறாது.

புஜ்ஜிலிருந்து தோலாவிரா போய்வர, அங்கே நாள் முழுக்கக் காத்திருப்பது உட்பட 5,500 ரூபாய். முதல் நாள் இரவே பேசி முடித்து, போனில் இரண்டு முறை கேட்டு உறுதியும் செய்துகொண்டேன். காவ்டா ஊரைத் தாண்டி ரண் என்கிற உப்புப் பாலை நடுவே போகும் சாலையில் வண்டி ஏறியதும் பேச்சு மாறிவிட்டது. ஒரு மணி நேரம்தான் நிற்பாராம், அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 400 ரூபாயாம். "வெறும் கல்தானே மேடம், எல்லாரும் ரோட்டில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்" என்கிறார். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பு. இறங்கி வேறு வண்டி பிடிக்க முடியாத இடமாகப் பார்த்துக் கேட்கிறார், அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் சத்தம் போட ஆரம்பித்ததும் அப்பா கையைப் பிடித்து, "விடும்மா, போய்ச் சேருவோம். ராத்திரி அங்கேயே தங்கிக்கலாம்" என்றார். கடைசியில் ஒரு வழிக்கு 4,500 கொடுத்து அனுப்பிவைத்தோம். பாதிப் பயணத்துக்கே கிட்டத்தட்ட முழுப் பணமும் போயிற்று. நீங்கள் போனால் தொகை, காத்திருக்கும் நேரம், திரும்பும் நேரம் மூன்றையும் மெசேஜில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

ஆனால் அந்த மனிதர் அப்படிச் செய்ததால்தான் அந்த ஊரில் ஒரு பகலும் ஒரு இரவும் மறுநாள் காலையும் எங்களுக்குக் கிடைத்தன.

காவ்டாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் ரண்ணைக் குறுக்கே கடக்கிறது அந்தச் சாலை. இன்ஸ்டாகிராமில் எல்லோரும் போடும் படம் அதுதான். அழகுதான், மறுக்கவில்லை. அது முடியும் இடத்தில் கதீர் பேட் வருகிறது. பேட் என்றால் தீவு. இன்றைக்கு உப்புப் பாலைக்கு நடுவில் ஒரு மேடாகத்தான் தெரிகிறது, ஆனால் 4,500 ஆண்டுகளுக்கு முன்னால் இந்த ரண்ணில் கடல்நீர் நின்றது, படகு போனது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படி வைத்துப் பார்த்தால்தான் ஊர் புரிகிறது. இங்கே அகேட், கார்னீலியன் என்ற வண்ணக் கற்களில் மணிகள் செய்தார்கள், சங்கு அறுத்தார்கள், செம்பு வேலை நடந்தது. மெசபடோமியாவில் அக்காத் நாட்டு அரசன் சார்கோன், தன் துறையில் மெலுஹா நாட்டுக் கப்பல்கள் வந்து நிற்பதாகப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறான். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். உப்புக் காட்டில் யார் ஊர் கட்டுவார்கள் என்று வண்டியில் யோசித்துக்கொண்டே வந்த எனக்கு, வியாபாரத்துக்கு நல்ல இடம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அங்கே போனதும் புரிந்தது. ஒரே ஒரு குறை, குடிக்கத் தண்ணீர் கிடையாது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை.

அப்பா பொதுப்பணித்துறையில் ஏரி, வாய்க்கால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் பாதிக்கு மேல் அவருக்குப் பெயர் சொல்லத் தெரியும். சிந்துவெளி என்றால் அவருக்குப் பள்ளிப் புத்தகத்தில் படித்ததோடு சரி, எனக்காகத்தான் கிளம்பி வந்தார். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் நான் பின்னால் ஓட வேண்டியதாகிவிட்டது.

ஊருக்கு வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்று இரண்டு ஓடைகள், மழை பெய்தால் மட்டும் தண்ணீர் வரும். அவற்றின் குறுக்கே கல்லணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, மதிலை ஒட்டிச் சுற்றிலும் வெட்டிய குளங்களில் நிரப்பியிருக்கிறார்கள். நிலம் வடகிழக்கில் உயர்ந்து தென்மேற்கில் தாழ்கிறது, வித்தியாசம் 13 மீட்டர். வழிகாட்டி இதைச் சொன்னதும் அப்பா நின்றுவிட்டார். "அப்படின்னா ஒரு குளம் நிரம்பினா மிச்சம் அடுத்ததுக்குப் போகும். நம்ம ஊர் ஏரிச் சங்கிலி மாதிரிதானே இது?" என்று கேட்டார். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, நான் அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நேராகக் கிழக்குக் குளத்துக்குக் கூட்டிப்போனார்.

அந்தக் குளத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். ஓரத்தில் கல் படிகள், கிட்டத்தட்ட முப்பது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைப் படித்திருப்போம், அது 12 மீட்டருக்கு 7 மீட்டர்தான். இதோடு ஒப்பிட்டால் அது வெறும் தொட்டி. தெற்குப் பக்கத்தில் பாறையையே குடைந்து இன்னும் குளங்கள். கோட்டை மேட்டுக்குள் மழைநீர் வடிகால்கள், சில இடங்களில் ஆள் குனிந்து நடந்து போகும் உயரம். மேலே ஒரு பெரிய கிணறு, அதன் விளிம்புக் கல்லில் கயிறு தேய்த்த தடம் இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், பள்ளம் வழவழவென்று இருந்தது. எத்தனை ஆயிரம் குடம் இழுத்திருந்தால் கல் அப்படித் தேயும்! என் ஆயா வீட்டுக் கிணற்றடிக் கல்லும் அப்படித்தான் இருக்கும்.

மற்ற ஹரப்பா நகரங்களைப் போல இங்கே செங்கல் சுட்டு அடுக்கவில்லை. பக்கத்திலேயே கல் வெட்டினார்கள். வெளி மதில் 771 மீட்டருக்கு 617 மீட்டர், அதற்குள் கோட்டை, நடு ஊர், கீழ் ஊர் என்று தனித்தனியாகப் பிரித்த மூன்று பகுதிகள். கோட்டைக்கு முன்னால் 283 மீட்டர் நீளத்துக்கு ஒரு மைதானம், விழாவோ சந்தையோ ஏதோ ஒன்றுக்கு ஊரே கூடியிருக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. யார் ஆண்டார்கள்? இந்த ஊர் செழிப்பாக இருந்த அதே காலத்தில்தான் எகிப்தில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு எழுந்தது. அங்கே மன்னன் பெயர் தெரியும், அவன் அப்பன் பெயர் தெரியும். மெசபடோமியாவில் எந்த அரசன் எந்தக் கோயிலைக் கட்டினான், எந்த ஊரை அடித்தான் என்று களிமண் பலகையில் இருக்கிறது. இங்கே அரசன் சிலை கிடையாது, இதுதான் அரண்மனை என்று உறுதியாகக் காட்ட ஒரு கட்டடம் கிடையாது. ஆனால் ஊரின் அளவுகளில் ஒரு கணக்கு இருக்கிறது, வெளி மதிலின் நீள அகலம் 5க்கு 4. எடைக்கற்கள் சிந்துவெளி முழுக்க ஒரே முறையில் இருக்கின்றன. எங்கேயோ ஒரு கட்டளை இருந்திருக்கிறது, அதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அப்பா சொன்ன பதில்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. "குளம் வெட்டறது ஒரு வருஷ வேலை. தூர் வாரறது எல்லா வருஷமும். யார் ஆள் அனுப்பறது, யாருக்கு எவ்வளவு தண்ணின்னு பிரிச்சுக் கொடுக்க ஒரு ஏற்பாடு இல்லாம இது ஆயிரம் வருஷம் ஓடாது." எனக்கு அந்தக் குளம்தான் அரசாங்கம். அரண்மனையைத் தேடிக் கண்ணை இங்கும் அங்கும் ஓட்டாமல் கரையைப் பாருங்கள்.

மதமும் அப்படித்தான், கோயில் என்று சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஊருக்கு மேற்கே இடுகாடு இருக்கிறது, அவசியம் நடந்து போய்ப் பாருங்கள். பல குழிகளில் எலும்பே இல்லை, பானைகளும் மணிகளும் மட்டும். வேறெங்கோ இறந்தவர்களுக்காக ஏற்படுத்திய நினைவிடங்களாக இருக்கலாம் என்கிறார்கள். அரைக்கோள வடிவில் மேடுகள், அவற்றில் ஒன்று ஆரக்கால் வைத்த சக்கரம் போன்ற அமைப்பில் கட்டியது. கடலோடிய ஊர் அல்லவா, போனவர்கள் எல்லோரும் திரும்பியிருக்க மாட்டார்கள். வெறும் குழிக்குள் பானை வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தை நினைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அப்புறம் வடக்கு வாசல். நான் இவ்வளவு தூரம் வந்ததே இதற்காகத்தான். 1989க்குப் பிறகு தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் தோண்டும்போது, வாசலின் பக்க அறையில் பத்துக் குறிகள் வரிசையாகக் கிடைத்தன. ஒவ்வொன்றும் சுமார் 37 செ.மீ. உயரம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளை ஜிப்சத்தைத் துண்டு துண்டாக வெட்டி, சுமார் 3 மீட்டர் நீளமுள்ள மரப் பலகையில் பதித்தது. பலகை குப்புற விழுந்து மட்கிவிட்டது, எழுத்து மட்டும் மண்ணில் அப்படியே தங்கிவிட்டது. சக்கரம் போன்ற ஒரு குறி மட்டும் நான்கு முறை வருகிறது. அசலைக் கிடைத்த இடத்திலேயே மூடிப் பாதுகாக்கிறார்கள், பார்க்க முடியாது. நாம் நிற்பது வெறும் வாசல்தான். ஆனாலும் அங்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிந்துவெளி எழுத்து பெரும்பாலும் கட்டைவிரல் அளவு முத்திரைகளில்தான் கிடைக்கிறது, சராசரியாக ஐந்து குறிகள். இங்கே மட்டும் ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று வாசலில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அதைப் படிக்கத் தெரிந்த கூட்டம் ஒன்று இந்தத் தெருவில் நடந்திருக்கிறது.

என்ன எழுதியிருக்கிறது? இன்று வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எகிப்து எழுத்துக்கு ரொசெட்டா கல் இருந்தது, பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் 1822இல் பூட்டைத் திறந்தார். மெசபடோமியாவின் ஆப்பெழுத்துக்கு, ஈரானின் பெஹிஸ்தூன் பாறையில் மூன்று மொழிகள். சிந்துவெளிக்கு அப்படி ஒரு இருமொழிக் கல் கிடைக்கவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977இல் தொகுத்த குறிகள் 417. அவரும், பின்லாந்தின் அஸ்கோ பர்போலாவும் அந்த மொழி திராவிட மொழியாக இருக்கும் என்று வாதிட்டவர்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது. எனக்கும் அது தமிழின் மூத்த உறவாக இருக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் அந்த வாசலில் நின்றபோது, வாட்ஸ்அப்பில் வரும் "படித்துவிட்டோம்" செய்திகள் மேல் எனக்குப் பெரிய எரிச்சல் வந்தது. பத்து எழுத்தைக்கூட நமக்குப் பிடித்தபடி இழுக்கக் கூடாது, அது அவர்கள் எழுதியது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வழிகாட்டி தன் வீட்டிலேயே சாப்பிடச் சொன்னார். கம்பு ரொட்டி, அங்கே ரோட்லோ என்பார்கள், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் வெண்ணெய் வைத்து, கூடவே சுட்ட கத்தரிக்காய் மசியல், பூண்டுச் சட்னி, வெல்லம், செம்பு நிறைய மோர். இரண்டு பேருக்கும் சேர்த்து 300 ரூபாய். இந்தப் பயணத்திலேயே சிறந்த சாப்பாடு அதுதான், புஜ் ஓட்டலில் 700 கொடுத்துச் சாப்பிட்ட தாலி பக்கத்தில்கூட நிற்காது. போகும் வழியில் பிரண்டியாரா ஊரில் மாவா வாங்குங்கள், பால்கோவா மாதிரி, ஆனால் இன்னும் கொரகொரப்பாக இருக்கும்.

தங்கியது புங்கா என்கிற வட்ட வடிவக் குடிசையில், 1,600 ரூபாய். தோலாவிராவின் கடைசிக் காலத்தில் நகரம் குலைந்து, ஆட்கள் போய், மறுபடி வந்து குடியேறியவர்கள் இப்படித்தான் வட்ட வீடு கட்டினார்கள். நேர்கோட்டில் தெரு போட்ட ஊரில் கடைசியாக எழுந்தவை வட்டக் குடிசைகள்! மழை குறைந்ததும் கடல் வணிகம் சுருங்கியதும் காரணங்கள் என்கிறார்கள்.

சரி, கேட்டவர்களுக்கான விவரம். டிசம்பர், ஜனவரி நல்லது, வெயில் காலத்தில் வேண்டவே வேண்டாம், நிழலே கிடையாது. அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். உள்ளூர் வழிகாட்டிக்கு நாங்கள் கொடுத்தது 500, சின்ன வயதில் அந்தத் தோண்டலில் கூடை சுமந்தவராம், கொடுத்த பணம் குறைவு என்றுதான் தோன்றுகிறது. ரயில் செலவு நீங்கலாக இரண்டு பேருக்கு இரண்டு நாளில் 8,000க்கு மேல் போய்விட்டது, அதில் பாதி அந்தக் கார்.

மறுநாள் விடியும்போதே அப்பா எழுப்பிவிட்டார், கிழக்குக் குளத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம். அவர் கரை மேலே காலடி வைத்து அளந்துகொண்டே நடந்தார், நான் படியில் உட்கார்ந்து பத்துக் குறிகளையும் நோட்டில் வரைந்தேன். அப்புறம் ராபர், பச்சாவ் வழியாகச் சுற்றிப் போகும் பஸ் பிடித்தோம், காருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அப்பா டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு சாய்கோடு போட்டு, மேலே வடகிழக்கு, கீழே தென்மேற்கு, நடுவில் 13 மீட்டர் என்று எழுதி, மிச்சத் தண்ணீர் எந்தப் பக்கம் வழிந்திருக்கும் என்று ராபர் வரும்வரை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.