கெட்டி அட்டை வேண்டாம்

சிகாகோவில் 2002 முதல் ஒரு தன்னார்வக் குழு, சிறையிலிருக்கும் பெண்களுக்கும் திருநர்களுக்கும் இலவசமாகப் புத்தகம் அனுப்பி வருகிறது. உள்ளே இருப்பவர் தனக்கு என்ன வேண்டுமென்று கடிதம் எழுதுவார், இவர்கள் அலமாரியில் தேடிப் பொதி கட்டித் தபாலில் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். இப்படியான குழுக்களிடம் ஓயாமல் கேட்கப்படுவது அகராதி. கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் அங்கே பல சிறைகள் உள்ளே விடாது, கம்பிச் சுருள் போட்ட கொப்பியும் அப்படித்தான்.

திருகோணமலை உவர்மலையில் நாங்கள் நாலைந்து பேர் இதைப் பற்றிக் கதைத்தபோது ஒரு அக்கா, "வழக்குக்கே காசில்லாத பிள்ளையளுக்குக் கதைப்புத்தகமோ?" என்று கேட்டா. நியாயமான கேள்விதான். ஆனால் 1841ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட அலைந்து திரிவோர் சட்டத்தை வைத்துப் பாலியல் தொழிலாளிகளையும் திருநங்கைகளையும் பிடித்துவந்த நாடு இந்த இலங்கை. அப்படி உள்ளே போனவருக்குத் தன் பெயரிலேயே ஒரு பொதி வருவது சின்ன விசயமில்லை என்பது என் கட்சி. சிறைக்கு நூலகம் வேண்டுமென்று, கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் மண்டேலா விதிகளே சொல்கின்றன.

சரி, இங்கேயும் இப்படிப் புத்தகம் அனுப்பத் தொடங்குவதென்றால் எதை விடுவார்கள் என்று முதலில் சிறை அதிகாரியிடம் கேட்க வேண்டும். அப்புறம் தமிழ்–சிங்கள அகராதி சேர்ப்போம். பழசென்றாலும் பரவாயில்லை, பேனைக் கிறுக்கல் மட்டும் வேண்டாம், ரகசியச் செய்தியோ என்று சந்தேகப்படுவார்கள்.