மாத்திரை தந்த நடையும் தராத நடையும்

அம்மாவுக்குப் பார்க்கின்சன், கை நடுங்கி, அசைவு மெதுவாகிப்போகும் மூளை நரம்பு நோய். லெவோடோபா மாத்திரை தொடங்கியதும் கை நடுக்கம் குறைந்தது, முகம் தெளிந்தது. ஆனால் நடந்துகொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கால் நின்றுவிடும். கையில் சாயா டம்ளர் இருந்தால் இன்னும் மோசம். மாத்திரையைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்கத்தான் களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போனோம். அங்கே ஸ்ரீ சித்திரா மருத்துவமனையில் இந்த மாதிரி நோய்களுக்குத் தனிப் பிரிவே உண்டு.

இரவு மாத்திரையோடு நிறுத்திவிட்டு, 12 மணி நேரம் மருந்தில்லாமல் காலையில் நடைச் சோதனைக்கு வரச் சொன்னார்கள். ‘ஆஃப்’ நிலை என்கிறார்கள். எல்லாவற்றிலும் கடினமானது அந்த இரவுதான். அம்மாவால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. இதற்குப் போகிறவர்கள் பஸ்ஸை நம்பாதீர்கள், கார் பிடியுங்கள். மருத்துவர் சொல்லாமல் வீட்டில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கவே கூடாது, அது ஆபத்து.

சோதனை எளிமையானது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அப்புறம் அதே நடை, 100-லிருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே. மாத்திரை கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியதும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

மாத்திரைக்குப் பிறகு அடி நீண்டது, வேகம் கூடியது. கணக்குச் சொல்லும்போதும் முன்னைவிட நன்றாகவே நடந்தார். ஆனால் சும்மா நடப்பதற்கும் கணக்கோடு நடப்பதற்கும் உள்ள இடைவெளி போகவில்லை. 97, 94 என்று வந்தவர் திரும்பும் இடத்தில் திணறினார், காலும் நின்றது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நமக்கு நடை யோசிக்காமலே வரும். இந்த நோயில் மூளையில் அசைவை நடத்தும் டோபமின் என்ற ரசாயனம் குறைந்துவிடும்; லெவோடோபா அதை ஈடுகட்டும் மருந்து. டோபமின் குறைந்தவர்களுக்கு ஒவ்வொரு அடியையும் கவனம் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. பேச்சும் கணக்கும் அதே கவனத்தில் பங்கு கேட்கின்றன. லெவோடோபா அடியையும் வேகத்தையும் மீட்கும், உடம்பின் சமநிலையை அந்த அளவுக்கு மீட்காது. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் உடம்பு தானாக நெளியத் தொடங்கலாம்.

எனவே அளவைக் கூட்டவில்லை, நேரத்தை மாற்றினார். லெவோடோபா ரத்தத்தில் வெகு நேரம் தங்காது. சாப்பாட்டில் உள்ள புரதம் அந்த மருந்து உள்ளே போவதைத் தடுக்கும். புட்டும் கடலையும் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை என்று ஆனது. நடுக்கத்துக்காக முன்பிருந்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற இன்னொரு மாத்திரை ஞாபகத்தையும் கவனத்தையும் மந்தமாக்கும் என்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். என் கண்ணுக்கு, பெரிய மாற்றம் அதிலிருந்துதான் வந்தது.

மிச்சம் பிசியோதெரபி. அடுக்களை வாசலில் தரையில் குறுக்காக டேப் ஒட்டினோம், கோட்டைத் தாண்டித் தாண்டி நடக்க. கால் ஒட்டிக்கொண்டால் இழுக்கக்கூடாது. நின்று, எடையை ஒரு காலுக்கு மாற்றி, பெரிய அடியாக வைக்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்கும் பயிற்சியும் உண்டு, ஆனால் மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். மற்ற நேரத்தில் அம்மாவே சொல்லிவிடுவார்: “மக்ளே, நான் நடக்கச்சில எங்கிட்ட பேசாத.” பின்னாலிருந்து கூப்பிடுவதை வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டோம். போன் வந்தால் உட்கார்ந்துதான் எடுப்பார்.

மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், நடை நின்ற நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேரத்தை மாற்றும்போது மருத்துவர் எங்களிடம் வாங்கிப் பார்த்தது அந்த நோட்டைத்தான்.