சித்திரையில் காலியாகும் வீடுகள்

திருகோணமலையில் வீடு பிடித்துக் கொடுக்கிறவர்களுக்கு ஆண்டில் இரண்டே காலம்: கச்சான் (தென்மேற்குக் காற்று வீசும் காலம்), மாரி (மழைக்காலம்). கச்சான் தொடங்கினால் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். உப்புவெளி, நிலாவெளிக் கடல் குளம்போலக் கிடக்கும். புறாத்தீவுக்குப் படகு ஓடும். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை, ஏறக்குறைய 150 இரவு, இதுதான் சுற்றுலாச் சீசன். மாத வாடகைக்கு இருந்த வீடுகள் இப்போது பயணிகளுக்கு இரவு வாடகையில் போகும். மாரி இறங்கினால் அறைகள் வெறிச்சோடும்.

பார்சிலோனாவில் ஆண்டு முழுக்கப் பயணிகள் வருவதால் வாடகைக்கு இருந்த வீடு ஒரேயடியாகக் கைநழுவிப் போகிறது. 10,101 சுற்றுலா வீடுகளின் அனுமதியை 2028 நவம்பரோடு முடிக்கப்போவதாக அந்நகரம் 2024இல் அறிவித்தது அதனால்தான். இங்கே பெரும்பாலும் வீடு முற்றாகப் போவதில்லை, பன்னிரண்டு மாத வாடகை ஏழு மாதமாகச் சுருங்குகிறது. இடமாற்றத்தில் ஜனவரியில் வரும் ஆசிரியருக்குக் கடற்கரைப் பக்கம் வீடு லேசாகக் கிடைக்கும். சித்திரை வருடப்பிறப்பு நெருங்கும்போது மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், வீட்டை விடுங்கள் என்பார் வீட்டுக்காரர். (அந்த மகன் பெரும்பாலும் வருவதேயில்லை.) பிள்ளைகளின் பள்ளியாண்டுக்கு இடையில் சாமான் ஏற்ற லொறி தேட வேண்டும். ஒருவரே ஆண்டுக்கு இரண்டு முறை வீடு தேடுவதால் உவர்மலை, லிங்கநகர்ப் பக்கம் பயணியே தங்காத வீட்டுக்கும் கேள்வி ஏறுகிறது.

வீட்டுக்காரர் போடும் கணக்கில்தான் பிழை. இரவு வாடகையை முப்பதால் பெருக்குகிறார்கள். ஓர் உதாரணம்: மாதம் 40,000 ரூபாவுக்குப் போகும் வீடு ஆண்டுக்கு 480,000 தரும். அதையே மாத வாடகைக்கு விடாமல் இரவுக்கு 12,000 என்று மட்டும் விட்டால், இணையத்தளக் கமிஷன் 15 வீதம் 1,800, துப்புரவும் சலவையும் 2,000, மின்சாரம் 1,500 போக மிஞ்சுவது 6,700. பழைய வாடகையை எட்டவே 72 இரவு ஓட வேண்டும். ஏசி, மெத்தை, சுடுநீர் என்று முதலில் இறக்கும் ஆறு இலட்சத்தை நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் 95 இரவு. நான்குக்கு மேல் பிரிக்காதீர்கள்: உப்புக்காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி முதலில் அரிக்கும். மின்கட்டணமும் படிப்படியாக ஏறுவது. 180 அலகைத் தாண்டிய மாதத்தில் இரவுக்கு 1,500 போதாமல் போகலாம்.

சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். மாதம் 30,000 சம்பளம் என்றால் 148 இரவு. முழுச் சீசனும் ஒரு நாள் தவறாமல் நிரம்பினால்தான் பழைய வாடகை! ஆனாலும் முழு வீடாகச் சந்தையை விட்டுப் போவதில் இந்த வகைதான் எங்கள் கண்ணில் அதிகம் படுகிறது. வீட்டுக்காரர் கீழே இருந்துகொண்டு மாடியறையை விடும் ஹோம்ஸ்டே யாருடைய வீட்டையும் பறிப்பதில்லை. நியூயோர்க் 2023 செப்டெம்பரிலிருந்து கண்டிப்பாக அமல்படுத்தும் விதியும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது: முப்பது நாளுக்குக் குறைந்த தங்கலுக்கு வீட்டுக்காரரும் உள்ளேயே இருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது.

வாடகைக்கு வருகிறவர் ஒப்பந்தத்தில் "ஒரு வருடம்" என்று மட்டும் எழுத விடக்கூடாது. முடியும் திகதி, மூன்று மாத முன்னறிவித்தல், முற்பணம் திரும்பும் நாள் மூன்றும் வேண்டும். தகராறு அதிகம் வருவது கடைசியதில். ஆறு மாத முற்பணம் மார்ச்சிலேயே ஏசியாகிச் சுவரில் ஏறியிருக்கும். ஆகவே திறப்பு கைமாறும் அதே நாளில் காசும் கைமாற வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.