அவர்கள் விசுவாசத்தைக் கண்டு

கப்பர்நகூமில், நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் தூக்கி வந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய பைபிள் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்குக் கூரையைப் பிரிக்கிற இடம்தான் பிடிக்கும். என் மனசு நிற்பது அடுத்த வசனத்தில், மாற்கு சுவிசேஷம் 2:5-இல். “இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு”, அதாவது தேவன்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கையைக் கண்டு, என்று இருக்கிறது. படுத்துக் கிடந்தவன் விசுவாசித்தானா என்று மாற்கு தனியாக எதுவும் சொல்லவில்லை. அவனையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது என்பவர்கள் உண்டு, இருக்கட்டும். கூரைமேல் ஏறியது அவன் இல்லையே. ஆண்டவர் கண்ணுக்கு விசுவாசம் தெரிந்தது, நாலு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்ததில்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் கீழ் போர்ஷனில் குடியிருக்கும் அக்காவின் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு ஊழியக்காரர், “விசுவாசம் இருந்திருந்தா இந்நேரம் சுகம் கிடைச்சிருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதற்கப்புறம் ஜெபிப்பதை விட்டுவிட்டார். “எங்கிட்டதான் குறைன்னா, அந்த மனுஷன் ஏன் படணும்?” என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் எந்த வசனத்தையும் எடுத்துச் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

எனக்கு வரும் கோபம் இதில்தான். ஒருவருடைய விசுவாசம் எவ்வளவு என்று அளக்கிற வேலையை நமக்கு யார் கொடுத்தது? பைபிளில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, மலைகளைப் பேர்க்கத்தக்க விசுவாசம் இருந்தாலும் அன்பு இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்கிறார். குறைந்துபோகும் என்றுகூடச் சொல்லவில்லை, ஒன்றுமில்லை என்கிறார். அன்பில்லாத விசுவாசம் சும்மா கிடந்தாலாவது பரவாயில்லை. அது எழுந்து போய் நோயாளி வீட்டில் உட்கார்ந்து, ஏற்கெனவே விழுந்து கிடப்பவரை இன்னொரு முறை அடிக்கிறது.

அன்பு என்று சொல்கிறேனே, அதுவும் அவ்வளவு லேசு இல்லை. பார்க்க வருகிறவர்கள் பாசத்தோடு இளநீர் வாங்கிக்கொண்டு வருவார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு இளநீர் ஆகவே ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம். அது உடம்பில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். மாடியில் குடியிருக்கும் பெந்தெகொஸ்தே சபை அக்கா ஒருவர்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டுத் தாளை வாங்கி, வரி வரியாகப் படித்தார். காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைப்பார், அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார், அப்புறம்தான் கூட்டு. உப்பு பெயருக்குத்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தார். டீ குடித்தால் அந்த அளவை பாட்டிலிலிருந்து ஊற்றிவிட வேண்டும். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கலாத்தியர் 5:6 ஞாபகம் வரும்: “அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்.”

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ் போர்ஷனுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கீழ் வீட்டு அக்காவின் வீட்டுக்காரரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கரண்ட் இல்லை. டயாலிசிஸ் நாள் தள்ளிப்போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சுவிட முடியாது. தெருவில் வண்டி எதுவும் வராது. பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர், கீழ் வீட்டு அக்கா முன்பு போய்க்கொண்டிருந்த ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயிலில் இளைஞர் குழுவில் இருக்கும் இரண்டு தம்பிகள், அப்புறம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த ஆட்டோக்கார அண்ணன். தண்ணீர் வடிந்திருந்த மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போய், அங்கே நிறுத்தியிருந்த அந்த அண்ணனின் ஆட்டோவிலேயே ஸ்டான்லிக்கு அழைத்துப் போனார்கள். அக்கா பின்னாலேயே பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அக்காவுக்கு ஜெபம் வரவில்லை. தூக்கியவர்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

மீட்பு கிடைப்பது விசுவாசத்தாலா, கிரியையாலா, அதாவது நற்செயலாலா, என்று சபைகள் சண்டை போட்ட காலம் நீண்டது. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் போன்றது என்று 1522-இல் எழுதியவர், புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழிதிறந்த லூத்தர். அதே வருஷம் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில் அவரே, விசுவாசம் உயிருள்ளது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது, செய்யட்டுமா என்று கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்றும் எழுதினார். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அறிக்கையும், கிருபையால் விசுவாசத்தின் மூலம் மீட்பு, நற்செயல்கள் அதன் கனி என்றுதான் சொல்கிறது. அதற்கு 450 வருஷத்துக்கு மேல் ஆனது. எங்கள் மாடிப்படியில் ஆர்.சி. அக்கா, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நான், பெந்தெகொஸ்தே அக்கா மூவரும் ஒரே குழம்புக் கிண்ணத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

அன்பு மட்டும் போதும், விசுவாசம் எதற்கு என்று என் மகள் கேட்கிறாள். நல்ல கேள்வி. புயல் சமயத்தில் தெருவே ஓடி வந்தது. அதற்குப் பின் மாதங்கள் போகப் போக ஆட்கள் குறைந்துவிட்டார்கள், அவரவருக்கு வேலை இருக்கிறது, அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. இந்த நோயில் கிட்னி மாற்றினால் ஒழிய டயாலிசிஸ் நிற்காது. ஒரு நல்ல செய்தியும் வராத வாரங்களில், மறுபடியும் காயை வேகவைத்து வடிப்பதற்கு வெறும் இரக்கம் போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரக்கம் பலனைப் பார்க்கும், பலன் தெரியாவிட்டால் சோர்ந்துவிடும். அந்த மாடி அக்கா சோராமல் இருக்கிறார். கேட்டால், “கர்த்தர் பாத்துக்குவார், நான் அடுப்பைப் பாத்துக்கிறேன்” என்கிறார். விசுவாசம் இல்லாத அன்புக்கு அந்த மூச்சு எங்கிருந்து வரும் என்று எனக்குப் புரியவில்லை. மகள் இதை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

கீழ் வீட்டு அக்கா இன்னும் கோயிலுக்குப் போவதில்லை. பங்குச் சாமியார் மட்டும் நன்மை, அதாவது கோயிலில் கொடுக்கும் திவ்ய அப்பம், கொண்டுவந்து அக்காவின் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார், அக்காவை ஒன்றும் கேட்பதில்லை. அந்தச் சாமியார்மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒன்று கேட்கப் போகிறேன். வீடு சந்திப்புக்குப் போகிற இடத்தில் யாரிடமும் விசுவாசத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம். சாப்பாட்டுத் தாளை வாங்கிப் பார்ப்போம். ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை யார் கூடப் போவது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். செவ்வாய்க்கிழமைக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.